பழைய வேகனும் நியாய விலையும்

மூட்டைக்குள் கம்பியைக் குத்தி மாதிரி எடுத்துப் பார்க்காமல் ஒரு குவிண்டால் துவரம் பருப்பைக்கூட நாம் வாங்குவதில்லை. மேல்மூட்டை பளபளப்பாக இருந்தால் அடிமூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறோம். மிளகாயைக் கையில் அள்ளினாலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறோம். வெல்லத்தின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பக்கத்துச் சரக்கு என்று கண்டுபிடிக்கிறோம். இவ்வளவு விவரம் தெரிந்த நாம், பழைய கார் ஒன்று புதுப் பெயிண்ட் பூசிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். இது ஏன் என்று வணிகப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பழைய ஸ்டேஷன் வேகன் வண்டிகளுக்கு இப்போது ஒரு மோகம் வந்திருக்கிறது. பாட்டனார் காலத்தில் சரக்கு ஏற்றிய வண்டியைப் புதுப்பித்துக் கடைப் பெயரை எழுதி வாசலில் நிறுத்துவது ஒரு பெருமையாகிவிட்டது. இன்னொரு பக்கம், நம்மவர்கள் பலர் வீட்டுக் கிட்டங்கியில் அதே மாதிரி வண்டி தார்ப்பாயின் கீழ் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே நம்மில் சிலர் வாங்குபவர், சிலர் விற்பவர். இரு தரப்பும் ஏமாறுவதை அண்மையில் நாம் நேரில் பார்த்தோம்.

இரண்டு வண்டிகளின் கதை

நம் சங்க உறுப்பினரான மளிகை அண்ணாச்சி ஒருவர், கடையின் பொன்விழாவுக்காக அம்பாசடர் வேகன் ஒன்றை வாங்கினார். வெளியூர்த் தரகர் மூலம் வந்த வண்டி. கிளிப்பச்சை நிறம், புதிய சீட்டு உறை, முகம் பார்க்கும் அளவுக்குப் பாலீஷ். "விண்டேஜ் வண்டி அண்ணாச்சி, இனி இது மாதிரி கிடைக்காது" என்றார் தரகர். ஐந்தே கால் லட்சம் கைமாறியது. ஐப்பசி மழையில் காலடியில் தண்ணீர் தேங்கியது. டிங்கரிடம் கொண்டுபோய் மேட்டைத் தூக்கியபோது, அடித்தகடு இருந்த இடத்தில் எண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்துத் தார் பூசியிருந்தது தெரிந்தது. விலா முழுவதும் பட்டி. சலூன் காரின் பின்பக்கத்தை அறுத்துக் கூரையை நீட்டி வேகனாக்கிய வண்டி அது. எஞ்சினும் பெட்ரோல் அல்ல, மட்டடோர் வேனிலிருந்து கழற்றிப் போட்ட டீசல். ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவு 1984. பழைய மாடலின் முன்கிரில்லை மாட்டி அதற்கு வயதைக் கூட்டியிருக்கிறார்கள்!

இரண்டாவது வண்டி, காலமான ஒரு பருத்தி விதை வியாபாரியின் வீட்டில் இருந்தது. 1972-ல் முதல் பதிவு. தொழிற்சாலையிலிருந்தே வேகனாக வந்த அம்பாசடர். இருபது ஆண்டுக்கு மேலாகக் கிட்டங்கியில் நிற்கிறது. பெயிண்ட் வெளுத்துவிட்டது. நான்கு டயரும் தரையோடு தரை. எஞ்சின் அசையவில்லை. விலை கேட்டு வந்தவர், "ஓடாத வண்டி ஆச்சி, இரும்பு விலைக்குத்தான் போகும். நாற்பதாயிரம் தாரேன், நாளைக்கே எடுத்துக்கிடுதேன்" என்றிருக்கிறார். ஆச்சியும் சரி என்று சொல்லும் நிலையில் இருந்தார். அவருடைய மகன் நம் சங்கத்துக்குத் தகவல் சொன்னதால், ஒரு டிங்கரையும் ஒரு மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு நாம் போய்ப் பார்த்தோம்.

பளபளத்த வண்டி ஐந்தே கால் லட்சம். தூசி படிந்த வண்டி நாற்பதாயிரம். உண்மையில் எதற்கு எவ்வளவு மதிப்பு? அதைக் கணக்குப் போடுவதற்கு முன், வண்டியைப் பார்க்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேகன் என்றால் என்ன?

ரயில் நிலையத்திலிருந்து பயணியையும் அவருடைய பெட்டி படுக்கையையும் சேர்த்து ஏற்றிச் செல்லப் பயன்பட்டதால் அமெரிக்காவில் இந்த வகை வண்டிக்கு ஸ்டேஷன் வேகன் என்று பெயர் வந்தது. ஆங்கிலேயர் இதை எஸ்டேட் கார் என்றனர். கூரை பின்கோடிவரை நீண்டு, டிக்கிக்குப் பதிலாகப் பின்கதவு இருக்கும். பின்சீட்டை மடக்கினால் மூட்டை அடுக்கலாம். காலையில் சரக்கு, மாலையில் குடும்பம் என்று இரண்டுக்கும் உதவியதால்தான் வியாபாரிகள் இதை விரும்பினர்.

நம் நாட்டில் இவ்வகையில் அதிகம் பேசப்படுவது அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரிக்கப்பட்டது. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த ஹெரால்டு காரிலும் வேகன் வகை உண்டு. இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. அதன்மேல் உடலை வைத்துப் போல்ட் போட்டிருப்பார்கள். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடல் தகடே வண்டியைத் தாங்குகிறது. ஆகவே அம்பாசடரில் தகடு அரித்துப்போனால் அழகு மட்டும் கெடவில்லை, முதுகெலும்பே போய்விட்டது என்று பொருள்.

சலூன் கார்களைவிட வேகன்கள் குறைவாகவே மிஞ்சியிருப்பதற்கும் காரணம் நாம்தான். வேகனை யாரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கவில்லை. மாடாக உழைத்தது அது. சர்க்கரையும் எண்ணெய் டின்னும் ஏற்றினோம். உப்பு மூட்டையும் கருவாடும் ஏற்றினோம். உப்புத் தண்ணீர் ஒழுகிய தரையும், வெல்லப்பாகு கசிந்து ஈரம் பிடித்த மூலைகளும் உள்ளிருந்தே துருவேறின. எனவே வேகன் பார்க்கப் போனால் முதல் கேள்வி, "இந்த வண்டியில் என்ன சரக்கு ஏற்றினீர்கள்?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். மளிகைக்காரருக்கு இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் தகடு

நம் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். ஓடாத வண்டி கெட்ட வண்டி அல்ல. துருப்பிடித்த வண்டிதான் கெட்ட வண்டி. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் எளிமையான எஞ்சின். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவராவது இருப்பார். ஒரே அமைப்பில் நெடுங்காலம் வண்டி வந்ததால் சாமான்களும் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். அரித்துப்போன தகட்டை வெட்டி எடுத்து, அளவு பிசகாமல் புதுத்தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் நாளும் பணமும் விழுங்கும் வேலை. ஆகவே பார்வையும் தகட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். கழுவி ஈரத்தோடு நிற்கும் வண்டியைப் பார்க்காதீர்கள். ஈரத்தில் எந்தப் பெயிண்டும் நன்றாகவே தெரியும்.

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கதவின் அடிப்பகுதி, பின்கதவின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். நல்ல தகட்டில் பிடிக்கும். பட்டி தடித்த இடத்தில் நழுவி விழும். விரலால் தட்டினாலும் தெரியும். தகடு கணீரென்று சொல்லும், பட்டி மொத்தென்று சொல்லும். தேங்காயைத் தட்டிப் பார்க்கும் கைக்கு இது புதிதல்ல.

அடுத்து மேட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். ஓட்டுநர் காலடி, பின்சீட்டின் கீழ், ஸ்டெப்னி இருக்கும் இடம் மூன்றையும் பார்க்க வேண்டும். புதிதாகத் தார் பூசியிருந்தால் ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். உடைமையாளரின் அனுமதியோடு ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கதை முடிந்தது.

கதவுகளுக்குக் கீழே நாம் காலை வைத்து ஏறும் இடத்தில் நீளவாக்கில் ஓடுகிற பெட்டித்தகடுதான் வண்டியின் உயிர்நாடி. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, அதே கதவை மறுபடி திறந்து மூடுங்கள். முன்பு எளிதாக மூடிய கதவு இப்போது இடித்தால், உடல் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி வைத்த இடமே உள்ளே நசுங்கினால் அதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

பின்புறம் குனிந்து பட்டைவில்லைப் பாருங்கள். சுமை ஏற்றிய வேகனில் பட்டைகள் தட்டையாகிப் போயிருக்கும். கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அந்த வண்டி எவ்வளவு சுமந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வில் போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வில்லின் முனை உடலோடு சேருமிடத்தில் தகடு கிழிந்திருந்தால் அது பெரிய வேலை. மேலே கேரியர் வைத்த வண்டியானால், அதன் கால்கள் ஊன்றிய மழைநீர்க் கால்வாயையும் தடவிப் பாருங்கள்.

வேகனுக்கே உரிய சாமான்கள்

இது பலரும் கோட்டைவிடும் இடம். எஞ்சின், கியர், பிரேக், முன்பக்கத் தகடுகள் எல்லாம் சலூன் காரிலிருந்து பொருந்தும். ஆனால் பின்கதவு, அதன் கீல், பக்கவாட்டுப் பின்கண்ணாடிகள், அவற்றைச் சுற்றிய ரப்பர் பீடிங், மடங்கும் பின்சீட்டு ஆகியவை வேகனுக்கு மட்டுமே உரியவை. இவற்றில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தாலும் தேடி அலைய வேண்டியிருக்கும். எஞ்சின் இல்லாத முழு வேகன், பின்கதவு இல்லாத ஓடும் வேகனைவிட மேல்.

சலூனை அறுத்துச் செய்த வேகனா என்பதையும் பாருங்கள். பின்கதவுக்கு முன்னுள்ள தூண், கூரையின் உட்புறம் ஆகியவற்றில் பற்றவைத்த தழும்பு இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உடல் வகை என்னவென்று எழுதியிருக்கும். பட்டறையில் கட்டிய வேகன் உழைக்காது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தொழிற்சாலை வேகனின் விலை கேட்பது, உடைத்த அரிசியைப் பொன்னி என்று விற்பதற்குச் சமம்.

பிறகு எஞ்சின்

போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடேற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, இது கார்புரேட்டர் வேலையோடு முடிந்துவிடலாம். வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம். ஆயில் மூடியைக் கழற்றும்போது உள்ளே வெண்ணெய் போல ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் மீட்டர் இருந்தால் நான்கு சிலிண்டரையும் சோதியுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் அதற்கான செலவைக் கணக்கில் சேருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய வண்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஓட்டத்திலேயே முதல் கியர் போட்டால் கரகரப்பது இயல்பு. மற்ற கியரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் கழன்று விழுந்தால் அது குறை. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டீயரிங்கில் ஆட்டம் எவ்வளவு, முன்பக்கம் இரண்டும் ஒரே உயரமா என்பதையும் பாருங்கள்.

எஞ்சின் பிடித்துப்போயிருந்தால் பயப்பட வேண்டாம். ஆச்சி வீட்டு வண்டியில் மெக்கானிக் நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். ஆறாம் நாள் கைராடு போட்டுச் சுற்றினார், அசைந்துகொடுத்தது.

விலையைக் கணக்கிடும் முறை

"பழைய வண்டிக்கு ஏது விலை, ஆசைப்பட்டவன் கொடுப்பதுதான் விலை" என்று தரகர்கள் சொல்வார்கள். நாம் அதை ஏற்கவில்லை. ஆசைக்கு வேண்டுமானால் அளவில்லாமல் இருக்கலாம், சரக்குக்கு அளவு உண்டு. கணக்கு மிக எளிது.

ஒன்று, இதே வகையில் குறையில்லாத, ஓடுகிற, ஆவணம் சரியாக உள்ள வண்டி உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று மூன்று நான்கு பேரிடம் விசாரியுங்கள். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. விற்ற விலைதான் நமக்கு வேண்டும்.

இரண்டு, உங்கள் முன் நிற்கும் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை டிங்கர், பெயிண்டர், மெக்கானிக், எலக்ட்ரீஷியன், குஷன் வேலைக்காரர் ஆகியோரிடம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

மூன்று, அந்தச் செலவின்மேல் கால்பங்கைக் கூட்டுங்கள். பிரித்த பிறகு தெரியும் குறைகளுக்கு அது. எந்தப் பழைய வண்டியும் சொன்ன செலவில் முடிந்ததில்லை.

நான்கு, ஆவணச் செலவைச் சேருங்கள். இந்த மொத்தத்தை முதல் தொகையில் கழித்தால் வருவதே நியாய விலை.

இரண்டு வண்டிகளையும் இதில் போட்டுப் பார்ப்போம். தொகைகள் அந்த நேரத்தில், அந்த ஊரில் விசாரித்தவை. முறைதான் முக்கியம், தொகை இடத்துக்கு இடம் மாறும். குறையில்லாத வேகன் ஐந்து லட்சம் என்று விசாரணையில் தெரிந்தது.

ஆச்சி வீட்டு வண்டியில் தகடு உறுதியாக இருந்தது. பருத்தி விதை தவிர வேறெதுவும் ஏற்றாத வண்டி, உயரமான தரையில் காய்ந்த இடத்தில் நின்றிருக்கிறது. பின்கதவும் எல்லாக் கண்ணாடியும் முழுசாக இருந்தன. சிறு தகடு வேலையும் பெயிண்டும் 60,000. எஞ்சின் 70,000. பிரேக், டயர், ஒயரிங் 50,000. குஷன் 30,000. ஆகமொத்தம் 2,10,000. கால்பங்கு 52,500 கூட்டினால் 2,62,500. ஆவணச் செலவு 37,500 சேர்த்தால் மூன்று லட்சம். ஐந்து லட்சத்தில் கழிக்க, நியாய விலை இரண்டு லட்சம்.

அண்ணாச்சி வாங்கிய பச்சை வண்டியில் அடித்தகடு, பெட்டித்தகடு, விலா வேலை 2,40,000. மறுபடி பெயிண்ட் 80,000. சில்லறை வேலை 20,000. ஆகமொத்தம் 3,40,000. கால்பங்கு 85,000 கூட்டினால் 4,25,000. மீதம் 75,000. தொழிற்சாலை வேகன் அல்ல, எஞ்சினும் மாறியது என்பதற்காக இன்னும் கழிக்க வேண்டும். அதை விட்டாலும் எழுபத்தையாயிரம் பெறும் வண்டிக்கு அவர் கொடுத்தது ஐந்தே கால் லட்சம்!

கழித்துப் பார்த்து மீதம் ஒன்றும் வராவிட்டால்? அது வண்டி அல்ல, உதிரிச் சாமான். கழற்றி விற்றால் என்ன தேறுமோ அதுதான் விலை.

ஆவணமும் சட்டமும்

விண்டேஜ் என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்து, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிதான் விண்டேஜ். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கும் வியாபாரத்துக்கும் எடுக்கக்கூடாது. சரக்கு ஏற்றலாம், விளம்பரத்துக்கு ஊர் சுற்றலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்வதானால், தனியார் காருக்கு முதல் 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2025-ல் மேலும் கூட்டப்பட்டது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. நெடுநாள் நின்ற வண்டிக்கு இது சிறு தொகையாக இராது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, விலை பேசும்போதே கழியுங்கள்.

சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எப்போதோ கட்டி முடித்த கடனாக இருந்தாலும் ஹைபோதிகேஷன் பதிவு நீக்கப்படாமல் கிடக்கும். அதற்குக் கடன் கொடுத்த இடத்தின் கடிதம் வேண்டும். உடைமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழும் எல்லா வாரிசுகளின் சம்மதமும் முதலில், அட்வான்ஸ் பிறகு.

வண்டி கடைக் கணக்கில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. பதிவு பெற்ற வணிகர் பழைய வாகனம் விற்றால் லாபத் தொகையின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் முடிவு செய்தது. வருமான வரியில் தேய்மானம் கழித்த வண்டியானால், விற்ற தொகைக்கும் தேய்மானம் போக நின்ற மதிப்புக்கும் உள்ள வித்தியாசமே லாபமாகும். பழைய வண்டியின் புத்தக மதிப்பு அநேகமாக ஒன்றுமில்லாமல் இருக்குமாதலால், விற்கும் முன் ஆடிட்டரைக் கேட்பது நல்லது.

நியாயம் இரு பக்கமும் வேண்டும்

ஆச்சி வீட்டு வேகனை நம் உறுப்பினர் ஒருவரே இரண்டு லட்சத்துக்கு வாங்கிக்கொண்டார். நாற்பதாயிரம் கேட்டவருக்குத் தகவல் தெரிந்ததும், "நாலு நாள் பொறுத்திருந்தா நானே ரெண்டு கொடுத்திருப்பேனே" என்றாராம். முதல் நாளே அவருக்கு மதிப்பு தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இதில் நாமும் வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாற்பதாயிரம் பேரத்தை முதலில் கேள்விப்பட்டபோது, "நல்ல சான்ஸ், நாமே அமுக்கியிருக்கலாமே" என்று நம்மில் ஒருவர் சொன்னார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனாலும் நாம் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தோம். விவசாயி அறியாமல் சொன்ன விலைக்கு மிளகாயை வாங்கி வருகிற வியாபாரியை நம் சங்கத்தில் பாராட்டுகிறோமா? எடைக்கல்லில் குறைப்பது குற்றமென்றால், அறியாதவரிடம் விலையில் குறைப்பதும் அதன் தம்பிதான். கணவர் போன பின் ஒரு குடும்பம் விற்க வருகிற பொருளுக்கு நியாய விலை சொல்வது வியாபாரியின் கடமை.

பச்சை வண்டி அண்ணாச்சியிடம் இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டோம். "பெயிண்ட் அடிச்சு இன்னொருத்தர் தலையில கட்டச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. கடைக்குப் பின்னால நிக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் தம் கடையின் ஐம்பது ஆண்டுப் பெயரைக் காப்பாற்றிவிட்டார் என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே நண்பர்களே, பழைய வேகன் வாங்கப் போகும்போது காந்தம் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, நம்பிக்கையான டிங்கர் ஒருவர், இந்த மூன்றையும் கூட அழைத்துப் போங்கள். விற்கும்போது தூசியைத் துடையுங்கள், துருவை மறைக்காதீர்கள். கிட்டங்கியில் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் வருபவருக்கே கொடுத்துவிடாமல், சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வந்து பார்க்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.